கொட்டலசு வாய் திறந்தது

தாழம்புதர் நிறைந்த ஒரு கடற்கரையில் சங்கு நண்டுகள் வாழ்ந்தன. இவற்றின் உடம்பு மெத்தென்று இருக்கும், மூடிக்கொள்ள ஓடு கிடையாது. யாரோ விட்டுப்போன சங்கில் புகுந்து, அதையே முதுகில் தூக்கித் திரியும். உடம்பு வளர்ந்தால் பெரிய சங்கு பார்க்க வேண்டும்.

முத்தரசி என்ற நண்டுக்கு அந்த நிலை வந்துவிட்டது. எவ்வளவு ஒடுங்கினாலும் இரண்டு கால்கள் சங்குக்கு வெளியே நின்றன. முந்தாநாள் ஒரு காகம் அதில் ஒன்றைக் கொத்தியே பார்த்துவிட்டது.

அந்தச் சமயத்தில் கொடுக்கன் என்ற பாறை நண்டு ஒரு பெரிய சங்கை மணல்மேட்டில் கொண்டுவந்து வைத்தான். தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தான். பதிலுக்கு ஒரு சாளை மீன் தலை கொடுத்தால் போதுமாம்.

“ஒரே ஆள் குடியிருந்த சங்கு, தங்கச்சி. அதுவும் வயசானவரு. கரையை விட்டு அசைஞ்சதே இல்ல.”

செய்தி கேட்டுக் கரையே திரண்டுவிட்டது. சங்கு நண்டுகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பெரிய சங்குக்கு மாறப்போகிறார் என்றால், மற்றவர்கள் உருவ வரிசைப்படி பின்னால் நிற்பார்கள். முன்னவர் இறங்கிய சங்கில் அடுத்தவர் ஏறிவிடுவார். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாரும் வீடு மாறியிருப்பார்கள். புதுச் சங்கு சரியில்லை என்று முன்னவர் திரும்பிப் பார்த்தால் பழைய சங்கு காலியாக இருக்காது. காகங்களுக்கு நடுவில் வெற்றுடம்போடு நிற்க வேண்டியதுதான்.

முத்தரசிக்கு அடுத்து செம்பன் நின்றான். கடைசியில் மூடியார். சங்கு கிடைக்காமல் சோடா பாட்டில் மூடியைக் கவிழ்த்துக்கொண்டு திரிந்ததால் அந்தப் பெயர். வெயிலில் மூடி சுட்டது. பாவம், அவர் அவசரம் அவருக்கு.

“ஏறுக்கா,” என்றான் செம்பன். “எங்க அண்ணனுக்கும் இவருதான் சங்கு குடுத்தாரு.”

“குடுத்து ஒரு வருஷம் ஆச்சு. வடக்குக் கரையில சுகமா இருக்கான். ஒரு குறை சொல்லியிருப்பானா?” என்றான் கொடுக்கன்.

முத்தரசி சங்கை உருட்டி உருட்டிப் பார்த்தாள். முதுகெங்கும் வட்ட வட்டத் தழும்புகள். கொட்டலசுகள் ஒட்டியிருந்த இடங்கள் அவை. கொட்டலசு ஒரு சிறிய உயிர். ஒட்டிய இடத்தை விட்டு ஆயுளுக்கும் நகராது. சங்கு போன இடமெல்லாம் கூடவே போய் எல்லாவற்றையும் பார்த்திருக்கும். அவற்றையெல்லாம் கொடுக்கன் சுரண்டி எறிந்திருந்தான். உள் விளிம்பின் இடுக்கில் ஒன்றே ஒன்று மட்டும் தப்பியிருந்தது. அவனுடைய தடித்த கொடுக்கு அங்கே நுழையவில்லை போலும்.

இதில் இருந்தவர் எங்கே என்று முத்தரசி கேட்டாள். பெரிய சங்குக்கு மாறிவிட்டார் என்றான் கொடுக்கன். அப்படியென்றால் அவருக்குப் பின்னால் வரிசை நின்றிருக்குமே, இந்தச் சங்கு மட்டும் எப்படிக் காலியாகக் கிடக்கிறது என்று மறுபடி கேட்டாள். கொடுக்கனின் கண்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பின.

“சரிண்ணே. தண்ணியில போட்டுப் பாத்துட்டு ஏறுறேன்.”

“ஐயோ, பளபளப்பு போயிடும் தங்கச்சி!”

“நான் பளபளப்புக்குள்ளயா குடியிருக்கப் போறேன்?”

வரிசை முணுமுணுத்தது. மூடியார் வாய்விட்டே திட்டினார். முத்தரசி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சங்கைப் பாறைக் குட்டைக்குள் உருட்டிவிட்டாள். கொட்டலசு தண்ணீரில்தான் வாய் திறக்கும். அதனால்தான் கொடுக்கன் சங்கைக் காய்ந்த மணலிலேயே வைத்திருந்தான்.

கொட்டலசு மெல்லத் திறந்தது.

“மூணு பேரு இருந்தாங்கம்மா. அடியில ஒரு ஓட்டை. தாரை வச்சு அடைச்சிருக்கான். காலையில ஒண்ணும் தெரியாது. உச்சி வெயில்ல தார் இளகி, உள்ள இருக்கிற தண்ணி அத்தனையும் ஒழுகிடும். தண்ணி போனா உங்களுக்கு உயிரு ஏது? கடைசியா இருந்தவரு நடு மணல்ல காஞ்சே செத்தாரு. வலது கொடுக்கு நுனி ஒடைஞ்சவரு. இவனே வந்து அவரை இழுத்துப் போட்டுட்டு சங்கைத் தூக்கிட்டுப் போனான்.”

முத்தரசி சங்கைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை அழுத்தினாள். தார்க்கட்டி பிதுங்கி விழுந்தது.

“அது எங்க அண்ணன்,” என்றான் செம்பன்.

கொடுக்கன் பக்கவாட்டில் நழுவப் பார்த்தான். முதலில் வழியை மறித்தது மூடியார்தான். எல்லாரும் சேர்ந்து அவனைக் கரையை விட்டே விரட்டினார்கள்.

எட்டாம் நாள் அலை ஒரு சங்கை ஒதுக்கியது. முத்தரசி வந்து சேருவதற்குள் செம்பனும் மூடியாரும் அதைக் குட்டைக்குள் உருட்டியிருந்தார்கள். அதன் முதுகிலிருந்த கொட்டலசுகள் ஒவ்வொன்றாகத் திறந்து பேசின. கடைசிக் கொட்டலசு பேசி முடிக்கும்வரை வரிசை பொறுமையாக நின்றது. பிறகு முத்தரசி ஏறினாள், அவள் சங்கில் செம்பன் ஏறினான், கடைசியில் மூடியாருக்கும் ஒரு சங்கு கிடைத்தது. சோடா மூடியை அலை இழுத்துக்கொண்டு போனது.

நீதி: பிறர் புழங்கிய பொருளை வாங்கும்முன், அதன் கதையை விற்பவரிடம் கேட்டால் போதாது, கூடவே இருந்து பார்த்தவரிடம் கேட்டறிய வேண்டும்.