பொன்னி என்ன சொன்னாள்

ஆவுடையப்பன் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர். டிக்கெட் எடுக்காமல் ஏறியவன் யாரென்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அந்தத் தைரியத்தில்தான் மெஹருன்னிசாவிடம் போனார்.

மெஹருன்னிசா பள்ளிக்கூட ஆசிரியை. வயதில் அவரைவிட ரொம்ப இளையவள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் நூலக மாடியில் சிலரைச் சேர்த்துக்கொண்டு பழைய துப்பறியும் சிறுகதைகளைப் படிப்பாள்.

"இந்தக் கதைகளை எப்படிப் படிக்கணும்னு எனக்குச் சொல்லித் தரணும் டீச்சர்."

"எதுக்கு அண்ணாச்சி?"

"என் சம்சாரத்தோட செயினைக் காணோம். சின்ன மருமக செண்பகம்தான் எடுத்திருப்பான்னு வீடே சொல்லுது. அவ அழுதுகிட்டே தாய்வீட்டுக்குப் போயிட்டா. மகன் சரியா சாப்பிட மாட்டேங்கான். இதை நான் கண்டுபிடிக்காம விடமாட்டேன்."

அவள் ஒரு கதையை எடுத்துக் கொடுத்தாள். "குற்றவாளி யாருன்னு தெரிஞ்ச இடத்துல நிறுத்திருங்க."

கதையில் ஒரு பண்ணையார் கட்டிலில் செத்துக் கிடக்கிறார். பாலில் விஷம் கலந்திருக்கும் என்று எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள். பால் கொண்டுபோய் வைத்தவள் வேலைக்காரி பொன்னி.

ஆவுடையப்பன் இரண்டாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடினார். "பொன்னி."

"மிச்சத்தையும் படிங்க."

படித்தார். பொன்னி இல்லை. வெற்றிலையில் விஷம் தடவிக் கொடுத்தவன் பண்ணையாரின் மைத்துனன்.

"எழுதினவன் ஏமாத்திட்டான் டீச்சர்."

"மறுபடி படிங்க. இந்தத் தடவை பொன்னி பேசுறதை மட்டும்."

அதைப் படிக்க அதிக நேரம் ஆகவில்லை. பொன்னி அதிகம் பேசவில்லை. இன்ஸ்பெக்டரிடம் சொல்கிறாள், எஜமானியிடம் சொல்கிறாள், கடைசியில் வண்டிக்காரனிடமும் சொல்கிறாள்: 'நான் டம்ளரை எடுக்கப் போனப்ப பால் ஆடை கட்டி அப்படியே இருந்துச்சு.' ஒவ்வொரு முறையும் யாராவது குறுக்கே பேசிவிடுகிறார்கள்.

ஆவுடையப்பனின் விரல் அந்த வரியிலேயே நின்றது. பாலை யாரும் குடிக்கவே இல்லை.

"எழுதினவர் மறைச்சாரா, அண்ணாச்சி?"

"இல்ல. பளிச்சுன்னுதான் வச்சிருக்கார். அவ வாயைத் திறந்தாலே பொய்யின்னு நான்தான் தாண்டிப் போயிட்டேன்."

மெஹருன்னிசா புத்தகத்தை வாங்கி மூடினாள். பிறகு கேட்டாள்:

"செயின் காணாமப் போன அன்னிக்கு உங்க மருமக என்ன சொன்னா?"

அவர் வாயைத் திறந்தார். மனைவி பிரமநாயகி சொன்னது நினைவிருந்தது. பெரிய மருமகள் சொன்னது நினைவிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாகச் சொன்னதுகூட நினைவிருந்தது. செண்பகம் அழுதாள். அதுவும் நினைவிருந்தது. என்ன சொல்லி அழுதாள்?

வரவில்லை.

நூலகத்திலிருந்து நேரே வீட்டுக்குப் போனார். சின்ன மகனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் அப்பாவையே வெறித்துப் பார்த்தான்.

"இப்பதான் கேக்கணும்னு தோணிச்சாப்பா? கல்யாண வீட்டுலருந்து வந்து அம்மா பட்டுச்சேலையை மாத்தின உடனேயே, அவங்க கழுத்துல செயின் இல்லன்னு செண்பகம் சொன்னா. தொண்டை கம்முற வரைக்கும் சொன்னா."

"நான் கழட்டி பீரோவுலதான் வச்சேன்" என்றாள் பிரமநாயகி.

ஆவுடையப்பன் பீரோவைத் திறந்தார். மடித்து வைத்திருந்த பட்டுச்சேலையைத் தரையில் விரித்தார். முந்தானைக் குஞ்சத்தில் கொக்கி மாட்டிக்கொண்டு, சேலையின் மடிப்புக்குள் கிடந்தது செயின்.

பிரமநாயகி குனிந்து குஞ்சத்திலிருந்து கொக்கியைக் கழற்றினாள்.

அன்று மத்தியானமே செண்பகத்தின் தாய்வீடு இருந்த தென்காசிக்குப் பஸ் ஏறினார். செண்பகம் வாசலுக்கு வந்து, உள்ளே கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்தாள்.

"செயின் கிடைச்சிட்டும்மா. யாரும் எடுக்கல. வீட்டுக்கு வா."

அவள் சொம்பை வாங்கிக்கொண்டாள்.

"கிடைக்காம இருந்திருந்தா வந்திருப்பீங்களா, மாமா?"

தனியாகத்தான் திரும்பி வந்தார்.

அடுத்த ஞாயிறு மெஹருன்னிசாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"அவ கேட்டதுக்கு என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. தலையைக் குனிஞ்சுகிட்டு வந்துட்டேன்."

"உண்மையான பதில் என்ன?"

ஆவுடையப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"வந்திருக்க மாட்டேன்."

"அதைச் சொல்லலாமே."

"நான் விடப்போறதில்ல டீச்சர். நாளைக்கும் போவேன், அவ வர்ற வரைக்கும் போவேன். ஆனா இதை எப்படி அவ முகத்துக்கு நேரா சொல்றது? கதையில துப்பறியிறவனுக்கு ஒரு கஷ்டமும் இல்ல. உண்மையை எல்லார் முன்னாலயும் போட்டு உடைச்சிட்டு வண்டி ஏறிப் போயிடறான். நான் சொல்லிட்டு எங்க போவேன்?"

"எங்கயும் போக வேண்டாம் அண்ணாச்சி. சொல்லிட்டு அங்கேயே உக்காருங்க."