ருசி பார்க்கும் உத்தியோகம்

மருதங்காட்டு ராஜா உத்தண்ட பூபதிக்குக் கவலை வந்தால் கள் வேண்டும். கவலை இல்லாவிட்டால் அதைக் கொண்டாடக் கள் வேண்டும். இப்போது வந்திருந்தது பெரிய கவலை. பக்கத்து நாட்டுப் படை கோட்டைக்கு வெளியே கூடாரம் அடித்து உட்கார்ந்திருந்தது. அதனால் கோட்டைக்குள் காவல்காரன் முதல் யானைப்பாகன் வரை எல்லாருக்கும் பொழுது விடிந்ததும் கள். யானை மட்டும்தான் நிதானத்தில் இருந்தது.

யானையை விட்டால் இன்னொருவர், அமைச்சர் ராயப்பன். கிறிஸ்தவர். காலம் பொல்லாதது, குடித்து மயங்காமல் விழித்திருங்கள் என்று கோயிலில் கேட்டதை அரண்மனையிலும் சொல்லிப் பார்த்தார். ராஜாவுக்கு எரிச்சல்.

"ஓய், உம்முடைய சாமியே கல்யாண வீட்டில் தண்ணீரைத் திராட்சரசம் ஆக்கினாராமே?"

"ஆக்கினார், மகாராஜா. அந்தக் கல்யாண வீட்டு வாசலில் எதிரிப் படை நிற்கவில்லை."

சபை சிரித்துவிட்டது. ராஜா சிரிக்கவில்லை. படைத்தலைவன் தளவாய் வீரையனுக்கு ராயப்பன் மேல் வெகுநாளாக வயிற்றெரிச்சல். சமயம் பார்த்து ராஜாவின் காதைக் கடித்தான். பலன், ராஜாவின் கள்ளை முதலில் ருசி பார்த்து, விஷம் இல்லையென்று சொல்லும் உத்தியோகம் ராயப்பனுக்கு வந்து சேர்ந்தது. மாட்டேன் என்றால் தலை போகும். குடித்தால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும். ஆனாலும் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சபை நடுவில் வந்து நின்றார்.

கலயத்தை வீரையனே பெருமையாகத் தூக்கிக்கொண்டு வந்தான். வழியிலேயே அதில் பாதி காணாமல் போயிருந்தது.

"குடியும்" என்றார் ராஜா.

விஷம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று ராயப்பன் பணிவாக விசாரித்தார். ருசி பார்த்தவனுக்குக் கண் சிவந்து, நாக்குக் குழறி, கால் தள்ளாடினால் அது விஷம், அந்தச் சரக்கும் அதைக் கொண்டுவந்தவனும் அப்போதே கோட்டையை விட்டு வெளியேற வேண்டும், இது தாத்தா காலத்துச் சட்டம் என்றார் ராஜா.

"அப்படியானால் நான் எதற்கு, மகாராஜா? தளவாய் ஏற்கெனவே ருசி பார்த்துவிட்டாரே."

எல்லாரும் வீரையனைப் பார்த்தார்கள். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். "பொய், மகாராஜா, நான் நி... நிதானமாகத்தான் இருக்கிறேன்" என்று அவன் ஒரு தூணைக் கும்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ராஜாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. இவனை நம்பியா இத்தனை நாளும் தூங்கினோம் என்று தோன்றியது. கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"சட்டம் சட்டம்தான். ஆனால் இத்தனை பானைக் கள்ளையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?"

"கொட்ட வேண்டாம், மகாராஜா. தளவாயின் தலைமையில் எதிரிக் கூடாரத்துக்கு அனுப்பிவிடுவோம். நாளைக்கு அவர்களைத் துரத்த நம் யானை ஒன்றே போதும்."

"அட பாவி மனுஷா, இதுவும் உம்முடைய வேதத்தில் இருக்கிறதா?"

ராயப்பன் கைகூப்பினார்.

"பகைவன் தாகமாயிருந்தால் குடிக்கக் கொடு என்று இருக்கிறது, மகாராஜா."