செல்லத்தாய் தள்ளிய தட்டு

ஆற்றங்கரையில் ஆதரவில்லாதவர்களுக்கு ஓர் இல்லம். நடத்தியவர் வடிவம்மை. அவரிடம் தொண்டு பழக வந்தவர் நயினார். வாழைக்காய் மண்டியில் தொண்டை கிழியப் பேரம் பேசிப் பிழைத்த மனிதர். குருவைவிட சிஷ்யருக்கு வயது அதிகம். அதனால் அம்மை அவரை "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார்.

இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வேளை பார்த்துக்கொண்டவர், அறையை விட்டு வந்ததும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அடுத்த வேளைக்கு வருபவர் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைக்க வேண்டும்.

செல்லத்தாயை யாரோ பஸ் ஸ்டாண்டிலிருந்து கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அந்தப் பேரும் இல்லத்தில் வைத்ததுதான். வாதம் வந்து பேச்சும் ஒரு கையும் போயிருந்தது. வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. அன்று சாயங்காலம் டாக்டர் வந்து மூக்கில் குழாய் போடுவதாக ஏற்பாடு.

மத்தியானம் நயினார் தட்டோடு வெளியே வந்தார். போட்ட சோறு போட்டபடி. பேனாவை எடுத்துக் குத்துவதுபோல எழுதினார்: "சாப்பிடவில்லை. அடம்."

அம்மை படித்தார். "காலையில பாத்துக்கிட்ட தங்கபுஷ்பமும் 'அடம்'னுதான் எழுதியிருக்கா."

"பாத்தீங்களா! நான் ஒருத்தனா சொல்லுதேன்?"

"அவ, நேத்து நீங்க எழுதினதைப் படிச்சிட்டு உள்ளே போனவ."

நயினார் முந்தின பக்கத்தைப் புரட்டினார். அங்கேயும் அவர் கையெழுத்தில் 'அடம்'.

"அண்ணாச்சி, மண்டிக்கு ஒரு தார் வருது. கூடவே 'மோசம்'னு ஒரு சீட்டு. விலை சொல்வீங்களா?"

"எவன் சொல்லுவான்? எந்தச் சீப்பு அடிபட்டிருக்கு, காம்பு கறுத்திருக்கா, அதைச் சொல்லணும். மோசமா இல்லையான்னு நான் பாத்துக்கிடுதேன். அதைச் சொல்ல அவன் யாரு?"

அம்மை சிரித்தார். பேனாவை எடுத்து அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தார்.

நயினார் முணுமுணுத்துக்கொண்டே பக்கத்தைக் கிழிக்கப் போனார்.

"கிழிக்க வேண்டாம். ஒரு கோடு போடுங்க, போதும். எழுதினதும் தெரியட்டும்."

கோடு போட்டுவிட்டு எழுதினார்: "பருப்புச் சோறு பிசைந்து வைத்தேன். தட்டைத் தள்ளினார்."

"எந்தப் பக்கம்?"

"நல்ல கேள்வி! தள்ளினா தள்ளினதுதான்."

"எந்தப் பக்கம் அண்ணாச்சி?"

கண்ணை மூடி யோசித்தார். "என் பக்கம்."

"எழுதுங்க. அப்புறம்?"

"ஊட்டப் போனேன். கையைப் பிடிச்சு, கவளத்தை என் வாய்க்கே திருப்பிவிட்டுது. என்ன திமிரு!"

எழுதினார். திமிரு மட்டும் பேனாவில் இறங்கவில்லை.

"நீங்க சாப்பிட்டாச்சா?" என்றார் அம்மை.

"நல்லாயிருக்கே! உள்ளே ஒரு சீவன் பட்டினி கிடக்கு. நான் எங்கே..."

பாதியில் நின்றார். எழுதியதை ஒருமுறை படித்தார். பிறகு விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனார். இன்னொரு தட்டில் சோறு போட்டு, இரண்டு தட்டோடும் செல்லத்தாயின் கட்டிலருகே போய் உட்கார்ந்தார். அவள் தட்டை அவள் முன்னால் வைத்தார். அவள் பார்க்க ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டு அதையும் சாப்பிட்டார்.

செல்லத்தாய் தன் தட்டை நல்ல கையால் மெல்லத் தன் பக்கம் இழுத்தாள்.

சாயங்காலம் டாக்டர் பையைத் திறக்கவேயில்லை. காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்.

நயினாருக்குக் கால் தரையில் பாவவில்லை. குறிப்பேட்டை விரித்தார்.

"அம்மா, எதிரே இருக்கிறவன் வயிறு நிறையாம தான் ஒரு பருக்கை தொடாத பிறவி இது! 'தங்கமான மனுஷி'ன்னு எழுதிடுதேன். பெரிய எழுத்தில!"

"எழுதுங்க," என்றார் வடிவம்மை. "ராத்திரிக்குத் தங்கபுஷ்பம் வருவா. 'தங்கமான மனுஷி'ன்னு படிப்பா. படிச்சிட்டு எத்தனை தட்டு எடுத்துட்டு உள்ளே போவா, அண்ணாச்சி?"