மேல்மடுவில் கேட்ட குரல்

“ரெண்டு தவளை இருந்தாப் போதுமாம்மா?” என்று கேட்டார் வேதநாயகம்.

கேட்டவருக்கு வயது ஐம்பத்தொன்பது. கேட்கப்பட்ட குணவதிக்கு நாற்பத்திரண்டு. ஆயினும் தவளைகளை அறிவதில் அவரே ஆசிரியை. அதை ஒப்புக்கொண்டுதான் வேதநாயகம் அலுவலகக் கோப்பைச் சுமந்துகொண்டு குணவதியின் மலையுச்சிக் குடிலுக்கு ஏறி வந்திருந்தார்.

அழிந்துவரும் உயிர்களைச் சட்டத்தின் அட்டவணையில் வகைப்படுத்துவது அவருடைய பணி. முதிர்ந்தவை ஐம்பதுக்கும் குறைவென்றால் ‘மிக அருகியது’. கடைசி உயிரும் மாண்டது என்பதில் ஐயமே இல்லையென்றால் ‘அற்றுப்போனது’.

முன்னதில் எழுதினால் தவளை வாழ்ந்த ஓடைக்கும் காட்டுக்கும் காவல் நிற்கும். பின்னதில் எழுதினால் காவல் விலகும். அங்கே அணை கட்ட வரைபடம் ஆயத்தமாக இருந்தது. வாரக் கடைசிக்குள் வேதநாயகம் கையொப்பமிட வேண்டும்.

போன மாதம் அவருடைய ஆட்கள் இருவர், ஓடையின் மேல்மடுவில் ஒருவரும் கீழ்மடுவில் ஒருவருமாக நின்று, பதிவுசெய்த தவளைக்குரலை ஒலிக்கவிட்டிருந்தார்கள். இருவருக்குமே மறுகுரல் கிடைத்தது. ஆக, இரண்டு. அலுவலகத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்களாம்.

குணவதி சிரிக்கவில்லை. ஒலிக்கருவி ஒன்றை அவரிடம் தந்து, கீழ்மடுவுக்குப் போய்ப் பாருங்கள் என்றார்.

அந்தி. மூடுபனி இறங்கியிருந்தது.

வேதநாயகம் கருவியை அழுத்தினார். கண்ணாடிக் குவளையைக் கரண்டியால் தட்டுவதுபோல ஐந்து தட்டல்கள். உடனே நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். அதுதான் வழக்கம்.

மேல்மடுவிலிருந்து ஐந்து தட்டல்கள் வந்தன.

அவருக்கு மெய் சிலிர்த்தது. மனைவி போன பிறகு, அவர் வீட்டில் எதற்கும் மறுகுரல் வந்ததில்லை.

மீண்டும் அழுத்தினார். மீண்டும் வந்தது. மூன்றாம் முறையும் வந்தது. அதன் முடிவில், மெல்லிய இருமல் ஒன்று கேட்டது.

தவளை இருமுமா?

தம் கையிலிருந்த கருவியை நிறுத்தாமல் இறுதிவரை ஓடவிட்டார். ஐந்து தட்டல்கள். பிறகு, அதே இருமல்.

அவர் மேலேறிச் சென்றபோது குணவதி பாறைமேல் அமர்ந்திருந்தார். மடியில் இன்னொரு கருவி.

“நீங்கதானா?”

“நான்தான். அந்த இருமலும் நான்தான். பதினாலு வருஷத்துக்கு முந்தி இதப் பதிவு பண்ணுனப்ப எனக்குச் சளி புடிச்சிருந்துச்சு. உலகத்துல இருக்கறதே இந்த ஒரு பதிவுதான் ஐயா. உங்க ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் பதில் சொல்லிக்கிட்டாங்க.”

அந்தப் பதிவுக்குப் பிறகு தவளைக்குரலை எத்தனை முறை கேட்டீர்கள் என்று வேதநாயகம் வினவினார். ஒரு முறைகூட இல்லை என்றார் குணவதி. ஒவ்வொரு மழைக்காலத்திலும், ஒவ்வோர் அந்தியிலும் இதே பாறையில் அமர்ந்திருக்கிறாராம்.

வேதநாயகம் கோப்பைத் திறந்து, ‘இரண்டு’ என்பதைக் கோடிட்டு அடித்தார். இரக்கத்துக்காக எழுதிய பொய்யும் பொய்தானே. காடு பிழைக்கட்டும் என்று அதை அப்படியே விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை.

“அப்ப, அற்றுப்போனதுன்னுதான் எழுதணும்.”

“எழுதுங்க.”

பேனா தாளைத் தொடவில்லை.

“பதினாலு வருஷமா ஒண்ணுமே கேக்கலைங்கறீங்க. அப்புறம் எதுக்கும்மா இங்க தனியா உக்காந்திருக்கீங்க?”

“ஐயமே இல்லைன்னாத்தான் அப்படி எழுதலாம்னு உங்க சட்டம் சொல்லுதில்ல? அந்த ஐயம் எங்கயாவது குடியிருக்கணுமே ஐயா.”

வேதநாயகம் அதை யோசித்தார். பிறகு, கீழ்மடுவில் யார் உட்காருகிறார்கள் என்று கேட்டார்.

“நான் ஒருத்திதானே. இங்க இருந்தா அங்க இருக்க முடியாது. அங்க வர்றவங்க எல்லாருமே கருவியோடதான் வர்றாங்க. அது சத்தம் போட்டு ஓஞ்சதும் கிளம்பிடுறாங்க. சும்மா உக்காந்து கேட்டவங்க யாருமில்ல.”

வேதநாயகம் பேனாவை மூடினார். கருவியைக் குணவதியின் அருகே பாறைமேல் வைத்தார்.

வெறுங்கையோடு கீழ்மடுவை நோக்கி இறங்கினார்.