உலை வற்றிய நாள்

சடையனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவன் கேட்பது ஒன்று, மூப்பன் செய்வது வேறொன்று. எப்போதும் இதே கூத்துதான்.

காளமூப்பன் அந்தக் காட்டுக் குடியிருப்பின் தலைவர். தமக்குப் பின் அந்த இடத்துக்குச் சடையனைத்தான் பல வருடமாகப் பழக்கி வந்தார். பழகிப் பழகிச் சடையனுக்கே தலை நரைத்துவிட்டது. இப்போது, சடையன் தாயில்லாமல் வளர்த்த ஒரே மகள் மாசிக்குக் கல்யாணம். புருஷனோடு அவள் இங்கேயே குடிசை போட வேண்டும் என்பது அவன் ஆசை.

"நம்ம மலையில இன்னொரு அடுப்பு எரியலாமா, கூடாதா? ஒரு வார்த்தை சொல்லுங்க மூப்பா."

மூப்பன் அடுப்பில் தண்ணீர்ப் பானையை ஏற்றினார்.

"ஒரு கிழங்கு தோண்டிட்டு வா. உலை வச்சிருக்கேன்."

சடையன் பல்லைக் கடித்துக்கொண்டு போனான். ஓடைக்கரையில் கொடி இருந்தது, கீழே விரலளவுதான் கிழங்கு. மேட்டிலும் அதே கதை. வழக்கப்படி கொடித்தலையை, மறுபடி முளைக்கட்டும் என்று மண்ணில் புதைத்துவிட்டு மேலே ஏறினான். பெரும்பாறைக்கு அப்பால்தான் உருப்படியாக ஒன்று கிடைத்தது. திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

பானையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அடி கருகியிருந்தது.

"இந்தாங்க கிழங்கு!" தொப்பென்று போட்டான்.

"உலை எங்கே?"

"நான் என்ன செய்ய? கிழங்கு அவ்வளவு தூரத்துல இருக்கு!"

"மாசி பொறந்தப்போ?"

"அப்போ ஓடைக்கரையிலேயே..." சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. உடனே மறுபடி ஏறியது. "சரி, மலை தாங்கலைன்னா ஒரு வீடு பெயர்ந்து ஆளில்லாத மலைக்குப் போகணும். அதானே நம்ம வழக்கம்? அதுக்கு என் மகதான் கிடைச்சாளா? மல்லன் போகட்டும், அவன் வீட்டுல வாய் அதிகம். நஞ்சன் போகட்டும், சோம்பேறி."

ஒவ்வொரு குடிசையாகக் கை நீட்டினான். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது.

"எல்லா அடுப்பையும் எண்ணிட்டியா?"

"எண்ணியாச்சு! இதுல கேட்க என்ன இருக்கு?"

மூப்பன் தம் அடுப்பில் தண்ணீர் தெளித்தார். மூன்று கல்லையும் பெயர்த்து ஓரமாக வைத்தார். கிழங்கு தோண்டும் கோலை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

சடையன் பதறிப்போனான். "மூப்பா, இந்த வயசுலயா? உங்களை யாரு போகச் சொன்னா?"

"யாரும் சொல்லலை. நீ எண்ணினதுல ரெண்டு அடுப்பு விட்டுப்போச்சு. அதுல ஒண்ணு என்னுது."