கடைசி வண்டிக்குக் கட்டிய கொடி

“என் பின்னால ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்க, டாக்டரம்மா.”

பல் டாக்டர் மரகதம் நிமிர்ந்து பார்த்தார். நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு சாய்ந்திருந்தவர் பம்புசெட் கடை சிகாமணி.

“பல்லுல ஒண்ணும் இல்லீங்களே, அண்ணா.”

“பல்லு நல்லாத்தானுங்க இருக்குது. மனசுதான் வலிக்குது. அதுக்கு எங்க போறது?”

அவர் சொன்னதும் சரிதான். அந்த ஊர் ஜீப் கிளப்பில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் மரகதத்திடம்தான் வந்து நிற்பார்கள். சிகாமணியைவிட ஆறேழு வயசு சின்னவர். கல்லானாலும் மணலானாலும் அவர் கூட்டிப் போன வண்டி ஒன்றுகூடப் பாதியில் நின்றதில்லை. வாய் பேச முடியாதவர்களோடே நாளெல்லாம் காலம் தள்ளுவதாலோ என்னவோ, அவரும் அளந்துதான் பேசுவார்.

நடந்த கதை இது.

போன மாசம் மரகதத்தால் வர முடியவில்லை; கிளப் ஜீப்புகளைக் கரட்டுப் பாதையில் கூட்டிப் போகும் பொறுப்பு சிகாமணிக்கு வந்தது. மனுசன் பறந்தார். ஆற்றங்கரை வடைக்கடையில் போய் இறங்கி, சட்னி தொட்டு நாலு வடை தின்று, கையைக் கழுவிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பின்னால் ஒரு வண்டியையும் காணோம்!

பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் அத்தனை பேரும் வழி மாறி, யாருடைய தென்னந்தோப்பிலோ போய் மாட்டிக்கொண்டு, தோட்டத்துக்காரரிடம் வசவு வாங்கிக்கொண்டிருந்தார்கள். கடைசி வண்டி வாய்க்கால் சேற்றில் அச்சு வரைக்கும் புதைந்து போனது.

அந்தக் கடைசி வண்டியை ஓட்டி வந்தவர் சௌந்தரம். சிகாமணியின் சம்சாரம்.

“பொண்டாட்டியத் தோப்புல விட்டுப்போட்டு வடை தின்னவரு” என்று கிளப்பே சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதைக்கூட சிகாமணி பொறுத்துக்கொண்டார். வீட்டில் சௌந்தரம் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

“உங்ககூட வரோணும்னுதான் இந்த வயசுல ஜீப் ஓட்டப் பழகுனேன். டாக்டரம்மா கூப்புட்டா எங்க வேணாலும் போவேன். உங்களுக்குப் பின்னால மட்டும் இனி வரமாட்டேன்.”

கத்தவில்லை, அழவில்லை. சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். அதுதான் சிகாமணிக்குப் பயமாக இருந்தது.

மரகதம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“வழி தெரியாமயா கூட்டிப் போனீங்க?”

“வழியா? கண்ணைக் கட்டி விட்டாலும் போவேனுங்க!”

“அதான் போயிட்டீங்க.”

சிகாமணிக்குச் சுருக்கென்றது.

“அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்களே கூட்டிப் போங்க” என்றார் மரகதம். “சௌந்தரம் அக்காகிட்ட நான் பேசறேன். எனக்காக ஒரு தடவை வருவாங்க. அதுக்கு மேல நான் கேக்க மாட்டேன். சாயங்காலம் வண்டியக் கொண்டாங்க.”

சாயங்காலம் கொண்டுவந்தார். ஜீப்பா அது? தேர்! மண்வெட்டி, இழுவைக் கயிறு, இரண்டு ஜாக்கி, தண்ணீர் கேன்கள், மடக்கு நாற்காலிகள், கூடாரம். சாமான்கள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன.

மரகதம் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். மேலே ஒரு பார்வை, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இறங்கிவிட்டார்.

“நாளைக்கு வாங்க.”

இன்னும் ஏதோ குறைகிறது போலிருக்கிறது என்று சிகாமணி இரவெல்லாம் புரண்டார். விடிந்ததும் முதல் வேலையாக இன்னொரு ஸ்டெப்னி டயரும் கேஸ் அடுப்பும் வாங்கி உள்ளே திணித்தார். போகிற வழியில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்து, கண்ணாடியில் கட்டித் தொங்கவிட்டார்.

மரகதம் ஏறினார். பார்த்தார். இறங்கினார்.

“நேத்து கொஞ்சமாச்சும் தெரிஞ்சுது. இன்னைக்கு அதுவும் போச்சு.”

“என்னதுங்க தெரிஞ்சுது?”

உள்ளே பல் பிடுங்க ஓர் ஆள் காத்திருந்தார். மரகதம் போய்விட்டார்.

சிகாமணி வண்டியைக் கழுவினார். முன்கண்ணாடியைப் பளபளவென்று துடைத்தார். விநாயகருக்குத் தேங்காயும் உடைத்தார். என்ன தெரிந்தது என்பது மட்டும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, மலையடிவார டீக்கடை முன்னால் ஜீப்புகள் வரிசை கட்டின. சௌந்தரம் தம்முடைய பழைய ஜீப்பைக் கடைசியில் நிறுத்திவிட்டு டீயை ஊதிக்கொண்டிருந்தார். சிகாமணி இருந்த பக்கம் முகம் திரும்பவே இல்லை.

மரகதம் கிளப் கொடியை எடுத்தார். நீளக் கம்பியில் சிவப்புத் துணி. கூட்டிப் போகிறவர் வண்டியில் அதைக் கட்டுவது வழக்கம். சிகாமணி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கையை நீட்டினார்.

மரகதம் அவரைத் தாண்டிப் போனார். ஒவ்வொரு வண்டியாகத் தாண்டிப் போனார். கடைசியில் நின்ற சௌந்தரத்தின் ஜீப்பில் கொடியைக் கட்டினார்.

“டாக்டரம்மா! கொடி முன்வண்டிக்குங்க!”

“யாருக்குத் தெரியறதுக்கு?”

“பின்னால வர்றவங்களுக்கு.”

“நீங்க கிளப்பற புழுதியே அவங்களுக்குப் போதும். இந்தக் கொடி உங்களுக்கு.”

“எனக்கா?”

“பார்த்துட்டே போங்க.”

சிகாமணி ஒன்றும் விளங்காமல் வண்டியில் ஏறினார். கொடி எங்கே என்று நடுக்கண்ணாடியைப் பார்த்தார். எலுமிச்சம்பழம் தெரிந்தது. அதை விலக்கிப் பார்த்தார். தண்ணீர் கேன் தெரிந்தது. வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். மடங்கிக் கிடந்தது. இடப்பக்கமும் அப்படியே. முள்மரக் கிளை உரசிவிடக் கூடாது என்று போன மாசம் தம் கையாலேயே மடக்கியவை.

மறுபடி நடுக்கண்ணாடியைப் பார்த்தார். அதே தண்ணீர் கேன்.

“அட, என் புத்தியச் செருப்பால அடிக்க!”

குதித்து இறங்கினார். கேன், கூடாரம், அடுப்பு, நாற்காலி என்று ஒவ்வொன்றாகத் தூக்கி டீக்கடை ஓரத்தில் அடுக்கினார். கயிறும் ஒரு ஜாக்கியும் மட்டும் வண்டியில் மிஞ்சின.

“ஏனுங்க, வீடு மாத்தறீங்களா?” என்றார் டீக்கடைக்காரர்.

சௌந்தரம் சிரிப்பை டீயோடு சேர்த்து விழுங்கினார். சிகாமணி அதைப் பார்க்கவில்லை. கண்ணாடிகளை விரித்துக்கொண்டிருந்தார்.

வண்டிகள் கிளம்பின. கல்லில் ஏறின, பள்ளத்தில் இறங்கின. ஒரு கிளை கண்ணாடியைக் கீறிவிட்டுப் போனது. போனால் போகிறது என்று விட்டார். வளைவுக்கு வளைவு கண் மேலே கண்ணாடிக்குப் போனது. சிவப்பு தெரிந்தால் நகர்ந்தார், தெரியாவிட்டால் நின்றார்.

பாதை இரண்டாகப் பிரிகிற இடம் வந்தது. கண்ணாடியில் கொடி இல்லை.

சிகாமணி இன்ஜினை அணைத்தார்.

அடுத்த வண்டியில் வந்த பஞ்சலிங்கம் ஹாரன் அடித்தார். பிறகு தலையை வெளியே நீட்டினார்.

“வண்டி கெட்டுப்போச்சா?”

“இல்ல.”

“வழி மறந்துபோச்சா?”

“இல்ல.”

“அப்புறம் என்னத்துக்கு நிக்கறீங்க? நேரம் போனா வடை கிடைக்காதுங்க!”

“கிடைக்காட்டிப் போகுது. இருங்க.”

வெயில் ஏறியது. புலம்பிப் புலம்பி அலுத்துப்போய் எல்லோரும் இறங்கி நிழல் தேடினார்கள். மரகதம் மட்டும் வண்டியிலேயே கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். தேடிப் போகலாமா என்று சிகாமணிக்குக் கால் பரபரத்தது. கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்த நேரத்தில், ஆவாரஞ்செடிகளுக்கு மேலே சிவப்பாக ஒரு துணி ஆடியது.

அப்பாடா! இருபது வருசக் கல்யாண வாழ்க்கையில் சௌந்தரத்தைப் பார்த்து அவர் இவ்வளவு சந்தோசப்பட்டதில்லை. கொடி நன்றாகக் கிட்டே வரும்வரை காத்திருந்து, பிறகுதான் சாவியைத் திருப்பினார்.

ஆற்றங்கரைக்கு எல்லோரும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்தார்கள். வடைச்சட்டி கவிழ்ந்து கிடந்தது. ஒரு வடைகூட மிச்சமில்லை. பஞ்சலிங்கம் வெறும் சட்னியை நக்கிக்கொண்டே திட்டினார்.

சிகாமணி நேரே கடைசி வண்டிக்குப் போனார்.

“வண்டிக்கு என்னாச்சு, சௌந்தரம்? எங்கியாவது மாட்டிக்கிச்சா?”

“ஒண்ணுமாகல.”

“அப்புறம் ஏன் இவ்வளவு நேரம்?”

“சும்மாதான் வளைவுக்கு அக்கட்ட நிறுத்திப் போட்டு உக்காந்திருந்தேன்.”

“எதுக்கு?”

“நீங்க நிக்கறீங்களான்னு பாக்கத்தான்.”

மரகதம் வந்து பக்கத்தில் நின்றார். கொடியைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று சிகாமணி கம்பியில் இருந்த முடிச்சை அவிழ்க்கப் போனார்.

சௌந்தரம் அவர் கையைத் தட்டிவிட்டார்.

“அது பாட்டுக்கு இருக்கட்டும், விடுங்க. அடுத்த மாசம் மறுபடி யாரு கட்டறது?”