கடல் தாண்டி வந்த பூச்சாண்டி

ஒரு ஊர்ல ஒரு செவந்தி இருந்தாளாம். கடக்கரை ஊரு. கண்ணு சொருகுது பாரு உனக்கு, ம் கொட்டு. ஆங், அப்படி.

ஒரு நாள் காலையில செவந்தி கரைப்பக்கம் போனா. அப்போ அலை ‘தொபுக்’னு ஒரு ஆளைத் தூக்கி மணல்ல போட்டுச்சு. செம்பட்டை முடி, பூனைக் கண்ணு. செவந்தி அவனை இழுத்துப் போட்டு வயித்தை அமுக்கினா. ‘களக் களக்’னு தண்ணி வந்துச்சு, அப்புறம் மூச்சும் வந்துச்சு.

ஊரே கூடிருச்சு. ஊர்ப் பெரியவர் கொடிமுத்துவும் வந்தாரு. அவருக்கு மீசை பெருசு, மனசு கொஞ்சம் சின்னது. "இது மனுசன் இல்ல, கடல் பேயி. திரும்பக் கடல்லயே விட்டுரணும்"னாரு.

"செத்துருவான் மாமா"ன்னு கெஞ்சினா செவந்தி.

"அப்போ சோதிச்சுப் பாப்போம்."

பேசச் சொன்னாங்க. ‘லபலப’ன்னு என்னமோ சொன்னான், ஒருத்தருக்கும் புரியல. அப்புறம் கருவாட்டுக் குழம்பு ஊத்திச் சோறு வச்சாங்க. மோந்து பாத்து ஒரு வாய் வச்சான், ‘த்தூ’ன்னு துப்பிட்டான். ஊருக்கே கோவம். அப்புறம் அம்மன் முன்னாடி நிறுத்திக் கும்பிடச் சொன்னாங்க. நட்டு வச்ச மரம் மாதிரி நின்னான். ம் சொல்லு.

அவ்வளவுதான், துடுப்பு இல்லாத ஒரு கட்டுமரத்தை ‘சர்ர்ர்’னு தண்ணிக்குத் தள்ளிட்டு வந்தாங்க. செவந்தி இடுப்புல இருந்த அவ கைப்பிள்ளை வேற ‘வீல்’னு கத்துது, காலையில இருந்து ஒரு வாய் சாப்பிடல. அதுக்குக் கொண்டு வந்த கிண்ணத்துச் சோத்தை அவ அழுதுக்கிட்டே நீட்டினா. "வாயைத் தொற கண்ணு, பூச்சாண்டி வரான்!"

அந்த ஆள் திரும்பிப் பாத்தான். பிள்ளையைப் பாத்தான், கிண்ணத்தைப் பாத்தான். கீழ கெடந்த சாக்கை எடுத்துத் தோள்ல போட்டான். முதுகை வளைச்சு, ஒரு காலை இழுத்து இழுத்து, ‘டொக்... டொக்... டொக்’னு நாக்கைத் தட்டிக்கிட்டே வந்தான். சாக்கு வாயைப் பிரிச்சுக் காட்டினான்.

பிள்ளை ‘கபக்’னு சோத்தை முழுங்கிருச்சு.

ஊர்ல உள்ள வாண்டெல்லாம் அம்மா முந்தானைக்குள்ள பூந்துருச்சு. கொடிமுத்துவும் ரெண்டடி பின்னால போயி பொண்டாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டாரு.

"சாக்கு... நொண்டிக் காலு... இது நம்ம பூச்சாண்டியேதான்! இவனுக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும் மாமா? பிள்ளையாப் பொறந்தா எல்லாருக்கும் உள்ளுக்குள்ள அவன் இருப்பான் போல. இவன் அம்மாவும் இவனுக்கு இப்படித்தான் ஊட்டிருக்கா."

தள்ளின கையெல்லாம் அப்படியே நின்னுருச்சு. அப்போ கொடிமுத்து கிட்டப் போயி, சாக்கைத் தொட்டுக் காட்டி, மெதுவாக் கேட்டாரு. "தம்பி, உங்க ஊர்லயும் வர்றானா?"

அவன் ஆமான்னு தலையாட்டினான். அப்புறம் சாக்கை இறக்கி வச்சுட்டு, அம்மா நெனப்பு வந்து ‘ஓ’ன்னு அழுதான்.

கொடிமுத்து தன் மேல்துண்டை எடுத்து அவன் தோள்ல போத்தினாரு. "கட்டுமரத்தைக் கரையேத்துங்கடா"ன்னாரு.

கதை அவ்வளவுதான். பூச்சாண்டி இன்னும் எத்தனையோ ஊருக்குப் போவணும், உனக்காகக் காத்துக்கிட்டு நிப்பானா? கண்ணை மூடு.